ஒருவரைத் தவிர அனைவருக்கும் பாராட்டு

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் வேலை என்பது, மற்ற வேலைகளெல்லாம் முடிந்த பிறகு பாடமும் நடத்துவது.

அந்த மற்ற வேலைகளில் எனக்கு வாய்த்தது வார மடல். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளி விட்டதும் பெற்றோர் குழுவுக்கு நான் ஒரு செய்தி அனுப்ப வேண்டும். மேலே பாராட்டு, நடுவில் அந்த வாரம் நடந்தவை, கீழே நினைவூட்டல். உங்கள் கைப்பேசியிலும் இப்படி ஒரு குழு இருக்கும்; நீங்கள் அதன் சத்தத்தை அடைத்து வைத்திருப்பீர்கள். என்னால் அடைக்க முடியாது. நான்தான் அதன் நிர்வாகி.

எங்கள் பள்ளி ரெம்பாவுக்கும் தம்பினுக்கும் நடுவில் செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் இப்போது தமிழர் யாரும் இல்லை. பிள்ளைகள் வெளியே உள்ள தாமான் குடியிருப்புகளிலிருந்து வேனில் ஏறித் தோட்டத்துக்குப் படிக்க வருகிறார்கள். இப்படிப்பட்ட பள்ளியில் ஆசிரியர்கள் தூக்கத்தில்கூடத் தலை எண்ணிக்கொண்டிருப்போம். என் பொறுப்பில் உள்ள மூன்றாம் ஆண்டு வகுப்பில் மூன்று பேர். சிற்றுண்டிச்சாலை நடத்தும் மல்லிகாவின் இரட்டைப் பையன்கள் ரூபன், ரூகன், அப்புறம் நவீனா. நவீனா போய்விட்டால் மூன்றாம் ஆண்டையும் நான்காம் ஆண்டையும் ஒரே வகுப்பாக்கிவிடுவார்கள். ஓர் ஆசிரியர் மிச்சமாவார். அது யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

கைகூப்பும் படலம்

மாவட்டக் கதை சொல்லும் போட்டியில் நவீனாவுக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை மடலின் முதல் வரியில் அதைப் போட்டேன். கடைசி வரியில், திங்கட்கிழமை பல் மருத்துவக் குழு வருகிறது, ஆளுக்கொரு குவளையும் துவாலையும் கொடுத்தனுப்புங்கள் என்று போட்டேன். சொன்னால் நம்புங்கள், சனிக்கிழமை மதியம் வரைக்கும் கைப்பேசி ஓயவில்லை. கைகூப்பும் படம், பூங்கொத்துப் படம், பிள்ளையார் படம், எங்கள் குழுவில் எப்படிச் சேர்ந்தார் என்று எனக்கே தெரியாத ஒரு தாத்தா அனுப்பிய ரோஜாப் படம்.

திங்கட்கிழமை பல் மருத்துவர்கள் வந்தார்கள். பள்ளி முழுவதிலும் ஒரு குவளைகூட இல்லை. மல்லிகா கடையிலிருந்த தேநீர்க் கோப்பைகளை எடுத்துவந்து வரிசையாக அடுக்கினார். மடலைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"வாழ்த்து சொல்லி முடிக்கவே நேரம் பத்தல டீச்சர். அதுக்கும் கீழ யாரு போயி பாக்குறது?"

லோரியில் ஒரு மடல்

சில பெற்றோருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. மலாய்ப் பள்ளியில் படித்தவர்கள். அவர்களுக்காக மடலை நானே வாசித்துக் குரல் பதிவாகவும் அனுப்புவேன். பின்னணியில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும், மல்லிகா பாத்திரம் கழுவுவார், அதற்கு நடுவே என் குரல் வானொலிச் செய்தி போல் போகும்.

நவீனாவின் அப்பா செல்வம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். என் குரல் பதிவை லோரியில் சத்தமாகப் போட்டுக் கேட்பார். கூடக் குலை ஏற்ற வரும் பங்களாதேஷ்காரரும் கேட்பார். தமிழர்களோடு வேலை செய்து வேலை செய்து அவர் தமிழும் பழகிவிட்டார். வண்ணம் தீட்டும் போட்டிக்கு வண்ணப் பென்சில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்த ஒரே பிள்ளை நவீனா. செல்வத்தைப் பள்ளி கேட்டில் பார்த்து, நீங்கள் ஒருவராவது மடலைக் கேட்கிறீர்களே என்று நெஞ்சாரப் பாராட்டினேன். அவர் நெளிந்தார்.

"நான் மறந்துட்டேன் டீச்சர். காலையில அந்த பங்களா அண்ணன்தான் போன் அடிச்சி, 'பொஸ், பென்சில், பென்சில்'னாரு."

நெத்திலி

பள்ளியில் தொலைந்த பொருளை மடலில் படமாகப் போடுவது வழக்கம். ஒரு வாரம் நீல நிற உணவு டப்பா ஒன்று கிடைத்தது. எங்கள் வட்டாரத்துக் கடையில் ஒரே நிற டப்பாவைக் கூடை கூடையாக விற்றிருப்பார்கள் போலும். ஆறேழு தாய்மார்கள் "எங்களோடது" என்றார்கள்.

நவீனாவின் அம்மா பரமேஸ் அதிகம் பேசமாட்டார். செனாவாங் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு. அன்று அவர் ஒரே வரியில், மூடியைத் திறந்து படம் போடுங்கள் என்று எழுதினார். போட்டேன். பாதி தின்ற நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறும் மிளகாய்ச் சம்பலும். பார்த்த மாத்திரத்தில் மற்றவர்கள் எல்லாரும் பின்வாங்கிவிட்டார்கள். இது என் சம்பல் நிறமில்லை என்று ஒருவர், நாங்கள் வெள்ளரிக்காய் வைப்பதில்லை என்று ஒருவர். ஒவ்வொருத்தர் வீட்டுச் சமையலும் மற்றவருக்குத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கடைசியில் பரமேஸ் போனில் அழைத்தார்.

"நெத்திலிய எல்லாம் பொறுக்கி ஓரமா ஒதுக்கி வச்சிருக்கு பாருங்க. அப்ப அது எம் பிள்ளதான் டீச்சர்."

நகவெட்டி

பெற்றோர் பாராட்டை மட்டும்தான் படிக்கிறார்கள் என்றால் நினைவூட்டலையும் பாராட்டாக எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். நகத்தை வெட்டி அனுப்புங்கள் என்று பல வாரம் கெஞ்சியிருக்கிறேன். ஒரு பயனும் இல்லை. அந்த வாரம், "நகத்தை அழகாக வெட்டி வந்த ரூபனுக்குப் பாராட்டுகள்" என்று முதல் வரியில் போட்டேன். திங்கட்கிழமை பள்ளியில் ஒரு பிள்ளைக்கும் நகம் இல்லை. சிலருக்குக் கொஞ்சம் சதையும் இல்லை.

என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். தண்ணீர்ப் புட்டி கொண்டுவந்தவருக்குப் பாராட்டு, குவளை கொண்டுவந்தவருக்குப் பாராட்டு என்று மடல் செழித்தது. மற்ற ஆசிரியர்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். விளையாட்டு ஆசிரியர் குமரன் சார் மிகுந்த கவனத்தோடு கேட்டுக்கொண்டார். மனக்குறை வந்தது ஒரே இடத்திலிருந்துதான். மல்லிகா கரண்டியும் கையுமாக வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"ரூபன் நகத்த போட்டீங்க, ரூகன் நகத்த போடலயே டீச்சர்? ரெண்டு பேருக்கும் ஒரே நகவெட்டிதான்லா."

அடுத்த மாதம்

பரமேஸும் செல்வமும் தம்பின் பக்கம் புது தாமானில் வீடு வாங்கிக் குடிபோனார்கள். அந்த வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் மலாயில் கற்பிக்கும் ஒரு பெரிய தேசியப் பள்ளி. அதன் மணிச் சத்தம் வீட்டுக்குள் கேட்கும் என்றார் பரமேஸ். எங்கள் பள்ளிக்கு நவீனா இருட்டோடு எழுந்து வேன் ஏற வேண்டும். இரவு ஷிப்டு முடிந்து அம்மா வீடு வருவதற்குள் பிள்ளை கிளம்பியிருக்கும். செல்வம்தான் தலை சீவிவிடுவார். அது சீவிய மாதிரியும் இருக்காது, சீவாத மாதிரியும் இருக்காது. அடுத்த மாதம் மாற்றிவிடப் போகிறேன் என்று பரமேஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அவராக இருந்தால் போன மாதமே மாற்றியிருப்பேன்.

ஆனால் நான் அவர் இல்லை. என் பயத்தை மறைப்பானேன்? முதல் பயம் வேலை மாற்றம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. ரூபனும் ரூகனும் நல்ல பையன்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டியதை அவர்களே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். கதை சொன்னால் குறுக்கே கேள்வி கேட்பதும், நரி ஏன் அப்படிச் செய்தது என்று என்னோடு சண்டை போடுவதும் நவீனா ஒருத்திதான். அவள் போய்விட்டால் அந்த வகுப்பில் எனக்குப் பேச ஆளில்லை. அதனால் வாராவாரம் மடலில் அவள் பெயர் எப்படியாவது வந்துவிடும். நன்றாக வாசித்தாள், செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள், கதவைச் சாத்தினாள். ஒரு வெள்ளிக்கிழமை மடலைச் சரிபார்த்த தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"இந்த வாரம் நவீனா என்ன செஞ்சிச்சு டீச்சர், தும்முச்சா?"

நான் இல்லாத வெள்ளி

சிரம்பானில் எனக்கு ஒரு பயிற்சி. பிள்ளைகளின் நலனில் பெற்றோரை எப்படி ஈடுபடுத்துவது என்பது தலைப்பு. அந்த வாரம் மடலைக் குமரன் சாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேன். குமரன் சார் தங்கமான மனிதர். பந்து வாங்கினால்கூடப் பிள்ளைகளுக்கு வலிக்குமோ என்று அமுக்கிப் பார்த்து வாங்குவார்.

அந்த வாரம்தான் கிளினிக்கிலிருந்து தாதிகள் வந்து பிள்ளைகளுக்குத் தலையில் பேன் பார்த்தார்கள். குமரன் சார் நான் சொல்லிக்கொடுத்தபடியே நினைவூட்டலைப் பாராட்டாக எழுதினார். மாலையில் பயிற்சி முடிந்து வந்து கைப்பேசியைத் திறந்தேன். "மூன்றாம் ஆண்டில் ஒருவரைத் தவிர அனைவரின் தலையும் மிகச் சுத்தம். பாராட்டுகள். வாரம் ஒருமுறை பேன் சீப்பால் சீவுவோம்!" என்று இருந்தது. மூன்றாம் ஆண்டில் இருப்பதே மூன்று பேர். அதற்கு முந்தைய ஞாயிறு தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மல்லிகா நேர்த்திக்கடன் செலுத்தி, ரூபனுக்கும் ரூகனுக்கும் மொட்டை போட்டுச் சந்தனம் பூசியிருந்தார். அந்தப் படத்தைக் குழுவில் பார்க்காதவர் கிடையாது. ஆகப் பள்ளியில் முடியோடு இருக்கும் ஒரே மூன்றாம் ஆண்டுப் பிள்ளை யார் என்று யாருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

குமரன் சாரை அழைத்து, என்ன சார் இப்படிச் செய்துவிட்டீர்கள் என்று கத்தினேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போனார்.

"பிள்ள மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் டீச்சர் பேரப் போடல."

மொட்டைத் தலையில் பேன்

"பரமேஸ் வெளியேறினார்" என்று குழுவில் ஒரு வரி வந்தது. நான் நிர்வாகியான நாளிலிருந்து அதைவிட நீளமாக எனக்குப் பட்ட செய்தி வேறில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. குரல் பதிவு அனுப்பினேன், கேட்கவில்லை. குமரன் சாரின் செய்தியை அழித்தேன். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்று வந்ததும், அதுவரை பார்க்காதவர்களும் என்ன செய்தி, என்ன செய்தி என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் மல்லிகா எழுதினார்: "என் ரெண்டு பிள்ளைங்களுக்கும் பேன் இருக்கு." நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தேன். கொஞ்ச நேரத்தில் முதலாம் ஆண்டுத் தாய் ஒருவர், எங்கள் வீட்டிலும் இருக்கிறது, போன மாதத்திலிருந்தே இருக்கிறது என்றார். ஐந்தாம் ஆண்டுத் தாய் ஒருவர் எனக்கே இருக்கிறது என்றார். வேன் ஓட்டுநர், சீட்டில் இருந்திருக்கும், என் வேனால்தான் பரவியது, மன்னிக்க வேண்டும் என்று எழுதினார். ரோஜாப் படம் அனுப்பும் தாத்தா தனக்கும் உண்டு என்றார். சாயங்காலத்துக்குள் எங்கள் பள்ளியில் பேன் இல்லாத ஒரு குடும்பம் இல்லை.

இத்தனையும் பரமேஸுக்காக. ஆனால் பரமேஸ் குழுவில் இல்லை. அதைச் சொல்லி மல்லிகாவிடம் அழுதேன். "அவ வீட்டுக்காரரு இன்னும் குரூப்புலதான் இருக்காரு டீச்சர், அவரு தமிழ் படிக்கத் தெரியாதவருன்னுதான் எல்லாரும் அப்புறம் வாயிஸ்லயும் போட்டோம்" என்றார் மல்லிகா. மனம் சற்று ஆறியது. அப்போதுதான் தலைமையாசிரியர் அழைத்தார். காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்திருக்கிறார். குரலில் கோபமில்லை, வெறும் சந்தேகம்தான் இருந்தது.

"எல்லாம் சரி டீச்சர். மொட்டத் தலையில பேன் எப்படி நிக்கும்? கிளினிக்ல கேட்டா நான் என்ன சொல்றது?"

செவ்வாய்

திங்கட்கிழமை நவீனா வரவில்லை. ரூபனுக்கும் ரூகனுக்கும் நரிக் கதை சொன்னேன். நரி ஏன் அப்படிச் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை முதல் பாடம் முடிவதற்குள் பரமேஸ் வந்தார். ஷிப்டு முடிந்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை அழைத்துக்கொண்டு அப்படியே வந்திருக்க வேண்டும், தொழிற்சாலைச் சட்டையில் இருந்தார். பக்கத்தில் நவீனா. முடியைக் காது வரைக்கும் வெட்டியிருந்தது. இரண்டு நாளாக நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் அந்தக் கழுத்தைப் பார்த்ததும் போய்விட்டது. விளையாட்டுப் பொருள் அறையின் கதவு உள்பக்கமாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது. குமரன் சார். பள்ளி மாற்றத்துக்கான தாளைக் கேட்கத்தான் பரமேஸ் வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். எந்த அலமாரியில் இருக்கிறது என்றும் தெரியும். ஆனால் எழுந்து போய் எடுக்கவில்லை. நவீனா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். ரூகன் அவள் தலையை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் மொட்டையைத் தடவிக்கொண்டு, உனக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கு என்றான்.

பரமேஸ் நின்றுகொண்டே பேசினார். நேற்று அந்தப் பெரிய பள்ளிக்குப் போயிருக்கிறார். நல்ல பள்ளி, குளிரூட்டி போட்ட நூலகம், மரியாதையான மனிதர்கள். அலுவலகக் கிராணி நவீனாவின் பெயரை எழுதிக்கொண்டு, மூன்றாம் ஆண்டில் நிறைய வகுப்புகள் இருக்கின்றன, எதில் இடம் இருக்கிறதோ அதில் போடுவோம் என்றாராம். அவர்கள் காத்திருந்த பெஞ்சில் ஒரு சிறு பெண் காய்ச்சலோடு சுருண்டு படுத்திருந்திருக்கிறது. எந்த வகுப்பு, யார் பிள்ளை என்று கேட்டுக்கொண்டு ஆசிரியர்கள் அறை அறையாக அலைந்திருக்கிறார்கள். நன்றாகத்தான் அலைந்தார்கள், பாவம் என்றார் பரமேஸ். அன்று சாயங்காலம் செல்வம் லோரியை வீட்டு வாசலில் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, குழுவில் வந்த எல்லாக் குரலையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். தெருவே கேட்டிருக்கிறது. சொல்லும்போது பரமேஸுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. எனக்குக் கண் மட்டும்தான்.

"எனக்கு இன்னும் கோவம் போகல டீச்சர், குமரன் சார்கிட்ட சொல்லிருங்க" என்றார், அந்தச் சாத்திய கதவைப் பார்த்து. பிறகு கைப்பேசியை என் மேசை மேல் வைத்தார்.

"ஆனா அங்க எம் பிள்ள தலையில பேனு இருந்தா யாருக்குமே தெரியாது டீச்சர். அதான் பயமா இருக்கு. என்னைய திரும்ப குரூப்புல சேத்து விடுங்க."

எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த பள்ளி என்று ஊரில் எங்களைக் குறை சொல்வதுண்டு. அதையே அடுத்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பில் முதல் வரியாகப் போடலாமா என்று தலைமையாசிரியர் கேட்கிறார், குமரன் சாரை எழுதவிடாமல் இருந்தால் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.